அக்கா விழுங்கிய வசனம்

அக்காவுக்கு ஜேர்மன் மொழியில் ஒரேயொரு சொல்தான் வராது, அது 'நைன்' என்று எங்கள் கிறிஸ்தவ சபையில் பகிடியாகச் சொல்வோம். இல்லை, முடியாது, கிடைக்காது, அடுத்த வருடம் வந்து பார் என்பவைதான் இந்த நாட்டு அரசாங்கக் கந்தோர்களில் எங்களுக்கு அதிகமாகக் கிடைத்த பதில்கள். ஆனால் அக்கா பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தால் அவை எங்கள் காதுக்கு வந்து சேர்வதில்லை. நடுவழியில் அவர் அவற்றை விழுங்கிவிடுவார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை; எங்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். கொலோன் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று சொல்லாமலே விளங்கும். மற்றப் பாதிக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டை உருவம். கோடையிலும் குளிரிலும் அதே பழுப்பு ஜாக்கெட். தோளில் தொங்கும் பைக்குள் மூன்று பேனை, மூக்குக்கண்ணாடி, ஒரு சின்னத் தகரப் பேணியில் கராம்பு. எந்தக் கந்தோர்க் கதவைத் திறக்குமுன்னும் ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "வெள்ளையளோட கதைக்கேக்க வாய் மணக்கவேணும் தம்பி. அப்பதான் மனம்விட்டுக் கதைப்பினம்" என்பார்.

ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. எங்களுக்கெல்லாம் பத்துப் பதினைந்து வருடம் முன்பே வந்துவிட்டவர் என்பதால் மொழி முதலில் அவருக்குத்தான் பிடிபட்டது. யாருக்காவது டொக்டரிடமோ கந்தோரிலோ 'தெர்மின்', அதாவது சந்திக்கிற நேரம், குறித்திருந்தால், தன்னுடைய ஓய்வு நாளை அதற்கு ஒதுக்கிவிட்டு முன்னால் நடப்பார். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிப்பார். அதற்கு மேல் எதையும் அவர் எங்களிடம் வாங்கியதில்லை.

நாங்கள் ஜேர்மனிக்கு வந்து மூன்றாம் வருடம், வீடு மாறுவதற்காக நகரசபையில் ஒரு மனு போட்டிருந்தோம். அந்த அதிகாரி முழுதாகப் பத்து நிமிடம் பேசினான். காது வரைக்கும் சிவந்து, மேசையில் இரண்டு தரம் விரலால் தட்டினான். அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பம் எண்டு சொல்லுறார் தம்பி. நல்ல மனுசன்."

"இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னவர்?"

"ஓம். இவையளின்ர பாசையிலை எல்லாம் நீட்டுத்தான்."

இன்னொரு முறை, எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, உங்கள் மகளின் புள்ளிகள் போதாது, மேற்படிப்புப் பள்ளிக்கு அனுப்ப முடியாது என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். "பிள்ளை கைவேலையிலை கெட்டிக்காரியாம். அவளுக்கெண்டு தனியா ஒரு பள்ளிக்கூடம் பாத்து வைச்சிருக்கினமாம்" என்று அக்கா மொழிபெயர்த்தார். தகப்பனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மறுநாளே ஒரு பெரிய டப்பா நிறையப் பருத்தித்துறை வடை சுட்டு ஆசிரியைக்குக் கொடுத்தனுப்பினார். தன்னைத் திட்டிக்கொண்டு போவார் என்று நினைத்திருந்த ஆசிரியை, வடையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் முழிசிக்கொண்டு நின்றாராம்.

மற்றத் திசையிலும் இதே கதைதான். எங்கள் வீட்டில் மிக்சி போடும் சத்தம் கேட்கிறது என்று கீழ்வீட்டு மனுசி வந்து கத்தியபோது, தற்செயலாக அக்கா வீட்டில் இருந்தார். "காதைப் பொத்திக்கொண்டு படுக்கச் சொல்லுங்கோ அக்கா" என்றேன் நான். அக்கா சிரித்த முகத்தோடு என்னவோ நீட்டாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை அந்த மனுசி ஒரு அப்பிள் கேக்கோடு தேத்தண்ணிக்கு வந்து நின்றாள். நான் அவளை அழைத்திருந்தேனாம்.

இப்படியெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் நாங்கள் அவரை வளர்த்துவிட்டோம். அவர் சொல்வதில் பாதி கூடக்குறைய இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவரையே கூட்டிக்கொண்டு போனோம். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்; அவர்களைக் கூட்டிப்போகலாம். அதற்கு அக்கா விடமாட்டார்.

"பிள்ளையளைக் கொண்டு கடிதம் வாசிப்பிக்காதேங்கோ. அதுகள் சின்னன்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிப்போடுவினம்."

என் மனைவி றெஜினாவுக்கு ஒரு மாரிக்காலத்தில் வயிற்று வலி தொடங்கியது. முதலில் வாய்வு என்றோம். பிறகு மெலியத் தொடங்கினாள். மாசி மாதம், எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகு, பெரிய டொக்டர் எங்களை வரச்சொன்னார். நானும் றெஜினாவும் அக்காவும் போனோம். கடையிலும் வேலைத்தலத்திலும் கதைக்கிற அளவுக்கு எனக்கு ஜேர்மன் வரும். டொக்டர்கள் கதைப்பது வேறொரு ஜேர்மன். அவர் கொம்பியூட்டரைப் பார்த்தபடி கதைத்துக்கொண்டே போனார். அதில் எனக்கு இரண்டு சொற்கள் மட்டும் பிடிபட்டன. ஒன்று 'லைடர்'. துரதிர்ஷ்டவசமாக என்று அர்த்தம். ரெயில் வராத நாட்களில் ஒலிபெருக்கியில் அடிக்கடி கேட்கிற சொல் என்பதால் அது எனக்குப் பாடம். மற்றது 'மோனாட்டெ'. மாதங்கள்.

அக்கா றெஜினாவின் பக்கம் திரும்பினார். "வயித்துக்குள்ளை ஒரு கட்டி இருக்காம் பிள்ளை. மாசக்கணக்கா மருந்து ஏத்தவேணுமாம். கொஞ்சம் களைப்பா இருக்குமாம், பொறுமை வேணுமாம்."

"லைடர் எண்டவரெல்லே அக்கா?" என்று கேட்டேன்.

"தலைமயிர் கொட்டும் எண்டதுக்குத் தம்பி."

டொக்டர் இன்னும் ஏதோ சொன்னார். அப்போதுதான் முதல்முறையாகக் கொம்பியூட்டரை விட்டு றெஜினாவைப் பார்த்தார். அக்கா வாயிலிருந்த கராம்பை மறுபக்கம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "சொந்தக்காரர் ஊரிலை இருக்கினமோ, எல்லாரும் சுகமோ எண்டு கேக்கிறார்."

றெஜினாவின் முகம் மலர்ந்தது. "தங்கச்சி ஒருத்தி மன்னாரிலை இருக்கிறாள். நல்ல சுகம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

அந்தத் தங்கச்சி நிலானியை றெஜினாதான் வளர்த்தாள். தாய் செத்தபோது நிலானிக்கு நாலு வயது, றெஜினாவுக்குப் பதின்மூன்று. எங்களுக்குக் கலியாணமாகி றெஜினா இங்கே வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. போனில்தான் பதினான்கு வருடம். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவளுக்குப் போன் எடுத்து, "ஜேர்மன் டொக்டர் உன்னையும் சுகம் விசாரிச்சவரடி" என்று பெருமையாகச் சொன்னாள். நிலானியை ஒருமுறை இங்கே கூப்பிட வேண்டும் என்று வருடக்கணக்காகக் கதைத்து வந்தோம். இப்பவே விசாவுக்குப் போடுவோமா என்று நான் கேட்டபோது றெஜினா மறித்துவிட்டாள்.

"இந்த மொட்டைத் தலையோட என்னைக் கண்டால் பயந்துபோவாள். மயிர் வளரட்டும். வாற வருசம் கூப்பிடுவம்."

அந்த நாலு மாதமும் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றிவிட்டு வந்து இரண்டு நாள் சுருண்டு படுப்பாள், மூன்றாம் நாள் எழும்பிவிடுவாள். குசினிச் சுவருக்கு மஞ்சள் நிறம் பூசவைத்தாள். திரைச்சீலைத் துணிக்காக என்னோடு ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், கதையாமல் இருந்தாள். ஒவ்வொரு தெர்மினுக்கும் அக்கா கூடப் போனார். ஒவ்வொரு தெர்மினிலிருந்தும் நல்ல செய்தியோடுதான் திரும்பி வந்தார்கள்.

ஆனி மாதத்தில், யாரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று விடுகிற ஒரு 'திறந்த நாள்' வந்தது. எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு பின்னேரங்களில் கூடுவது ஒரு ஜேர்மன் சபையின் கட்டடத்தில். அவர்களுடைய போதகர்தான் அறிவித்தார். மலைப்பக்கத்தில் ஒரு சின்ன விமானத்தளம் இருக்கிறதாம். றோட்டுப் போடாத நாடுகளுக்குள் சின்ன விமானங்களில் ஊழியக்காரரையும் மருந்தையும் கொண்டுபோகிற ஒரு மிஷன் அங்கே இருக்கிறதாம். வேதாகமத்தைப் புதிய மொழிகளில் மொழிபெயர்க்கிறவர்களும் அன்றைக்கு அங்கே வருவார்களாம். குடும்பமாக வந்து பார்க்கலாம், விமானத்திலும் ஏறலாம் என்றார். எங்கள் மகள் அபிக்குப் பத்து வயது. விமானம் என்ற சொல்லோடு அவள் காது அடைத்துப்போனது. அக்காவும் கூட வந்தார். அங்கே யாராவது ஏதாவது சொன்னால் எங்களுக்கு விளங்க வேண்டாமா என்பது அவருடைய கணக்கு.

நல்ல வெயில். புல்வெளியில் கூடாரங்கள், கருகக் கருகச் சுடுகிற சொசேஜ், நீளமேசையில் இருபது வகைக் கேக், ஊதுகுழல் வாசிக்கிற கிழவர்கள். றெஜினா தலையில் நீலத் துணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிற சின்ன விமானத்துக்குத் தனக்கும் அபிக்கும் நம்பர் எடுத்துக்கொண்டு, ஓடுபாதைக்குப் பக்கத்து மர வாங்கில் குந்தியிருந்தாள். "நம்பர் வர நேரமெடுக்கும், நீங்கள் போய்ச் சுத்திப் பாருங்கோ" என்று எங்களை அனுப்பிவிட்டாள். நானும் அக்காவும் அபியும் மொழிபெயர்ப்புக்காரரின் கூடாரத்துக்குள் நுழைந்தோம்.

அங்கே வெள்ளைத் தலைமயிரோடு ஒரு பெண்மணி இருந்தார். பப்புவா நியூகினியின் மலைகளுக்குள் கணவரோடு போய், எழுத்தே இல்லாத ஒரு மொழிக்கு எழுத்து உண்டாக்கி, தன் வாழ்நாளில் பாதியை ஒரு புத்தகத்துக்குக் கொடுத்தவர். நாங்கள் தமிழர் என்றதும் சிரித்தார். உங்களுடைய மொழிக்கு முந்நூறு வருடத்துக்கு முன்னமே ஒரு ஜேர்மன்காரர் இந்த வேலையைச் செய்துவிட்டாரே, எங்களுக்கு அங்கே வேலையில்லை என்றார். ஆறுதலாக, சொல் சொல்லாகக் கதைத்தார். எனக்கே விளங்கியது.

மொழிபெயர்ப்பை அவர்கள் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று காட்ட அவரிடம் ஒரு விளையாட்டு இருந்தது. ஒருவர் அட்டையில் இருக்கிற கதையை வாசித்து, தன் மொழியில் இன்னொருவருக்குச் சொல்லவேண்டும். அட்டையைப் பார்க்காத அந்த மற்றவர், தான் கேட்டதைத் திரும்ப ஜேர்மனில் சொல்லவேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் வழியில் எது தொலைந்தது என்று தெரிந்துவிடும். அந்த மலை ஊருக்குள் அவர்கள் ஒவ்வொரு வசனத்தையும் இப்படித்தான் சோதிப்பார்களாம்.

அக்கா அட்டையை எடுத்தார். அபி எதிரே இருந்தாள். நான் அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பழைய ஏற்பாட்டில் வருகிற ஒரு கதையின் சுருக்கம். ஒரு ராஜா நோயில் கிடக்கிறான். தீர்க்கதரிசி வந்து, நீ இனி எழும்பமாட்டாய், சாகப்போகிறாய், வீட்டு அலுவல்களை ஒழுங்குபண்ணு என்று சொல்லிவிட்டுப் போகிறார். பெரிய எழுத்தில், சின்ன வசனங்களில் இருந்தது. சாவுக்கான ஜேர்மன் சொல் எனக்குத் தெரியும்.

அக்கா ஒரு கராம்பை வாயில் போட்டுக்கொண்டு தொடங்கினார். "ஒரு ராசாவுக்குச் சுகமில்லையாம் பிள்ளை. அப்ப ஒரு பெரியவர் அவரைப் பாக்க வந்தவராம். வந்து, வீட்டைத் துப்புரவா ஒழுங்கா வைச்சிரு, ஒண்டுக்கும் யோசியாதை எண்டு சொல்லிப்போட்டுப் போனவராம்."

அபி அதை அப்படியே ஜேர்மனில் சொன்னாள். ராஜாவுக்குச் சுகமில்லை, பார்க்க வந்தவர் வீட்டைத் துப்புரவாக்கச் சொன்னார், ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம் என்றார். சுற்றி நின்ற ஜேர்மன்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். வெள்ளைத்தலைப் பெண்மணி மட்டும் அட்டையை வாங்கி விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

இந்த ஒரு வசனத்தைக் காணவில்லையே என்றார். பிழையில்லை, எங்களுக்கும் இது அடிக்கடி நடந்தது. அந்த ஊரில் எங்களுக்கு உதவிசெய்த ஒரு பெண் இருந்தாள், தங்கமான மனசு. நோயாளியிடம் போய்ச் சாவு என்று எப்படிச் சொல்வது என்று இந்த வரியை ஒவ்வொரு முறையும் விட்டுவிடுவாள். மனமில்லாதவர்கள் விடுவதில்லை, மனமுள்ளவர்கள்தான் விடுவார்கள். அதற்காகத்தான் நாங்கள் திருப்பிக் கேட்கிறோம் என்றார்.

மாசி மாதத்து டொக்டரின் அறை ஞாபகம் வந்தது. அந்தப் பேச்சை யாரும் திருப்பிக் கேட்டுப் பார்க்கவில்லை. மாதங்கள் என்ற சொல்லை நான் என் காதாலேயே கேட்டேன். கேட்டும், அக்கா தந்த அர்த்தத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

ஒலிபெருக்கியில் நம்பர் கூப்பிட்டார்கள். அபி தாயிடம் ஓடினாள். இரண்டு பேரும் விமானத்தில் ஏறி, யன்னலால் எங்களுக்குக் கைகாட்டி, புல்லைத் தாண்டி மேலே எழும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்காவை வேலிப்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்டைக்கு டொக்டர் என்ன சொன்னவர் அக்கா?"

"எண்டைக்குத் தம்பி?"

"எண்டைக்கெண்டு உங்களுக்குத் தெரியும்."

"மருந்து ஏத்தவேணும் எண்டவர். அது பொய்யில்லை."

"மிச்சத்தைச் சொல்லுங்கோ."

அவர் மேலே பார்த்தார். விமானம் மலைக்கு மேலால் திரும்பிக்கொண்டிருந்தது.

"சுகப்படுத்த ஏலாது எண்டவர். மருந்து கொஞ்சக் காலம் இழுத்துப் பிடிக்குமாம், அவ்வளவுதான். ஆறு மாசம். கூடினால் எட்டு."

"ஊரிலை சொந்தக்காரரைப் பற்றி என்ன கேட்டவர்?"

"ஆரும் இருந்தால் இப்பவே கூப்பிடச்சொன்னவர். விசாவுக்குத் தான் கடிதம் எழுதித் தாறன் எண்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யோசிச்சுச் சொல்லுறம் எண்டனான்."

அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. "இதை முடிவெடுக்க நீங்கள் ஆர்?" என்று கத்தினேன். கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"டொக்டர் கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு சொன்னவர் தம்பி. அவளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லவேண்டியது நான். அவள் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தவள். எனக்கு ஏலாமல் போச்சு. அடுத்த தெர்மினிலை சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த முறையும் சிரிச்சாள்."

"இனிமேல் ஒரு சொல்லும் விடாமல் சொல்லுவீங்களோ?"

"சொல்லுறன்."

"கர்த்தர்மேல் ஆணையாச் சொல்லுங்கோ."

சொன்னார். அப்போது விமானம் இறங்கிவிட்டது. காற்றில் நழுவிய தலைத்துணியைக் கையால் பிடித்தபடி றெஜினா புல்லில் ஓடி வந்தாள். அவள் ஓடிப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "மேலை இருந்து பாக்க எங்கட கார் தீப்பெட்டி மாதிரிக் கிடக்கு. நிலானி வரேக்க அவளையும் இதிலை ஏத்தவேணுமப்பா" என்றாள். நான் ஓம் என்றேன்.

அடுத்த கிழமையே டொக்டரிடம் தெர்மின் எடுத்தேன். அக்கா வந்தார். டொக்டர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, அக்கா ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. றெஜினா குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதை முந்தியும் சொன்னவரோ?"

"ஓம் பிள்ளை. மாசியிலை சொன்னவர். நான்தான் உனக்குச் சொல்லேல்லை."

படியால் இறங்கும்போது றெஜினா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாலு மாசத்தை என்னட்டைக் கேளாமல் எடுத்துப்போட்டீங்கள் அக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து, கோபமா என்று அவளிடம் கேட்டேன். "கோவிக்க எங்கை நேரம்? நிலானிக்கு அலுவலைப் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். டொக்டர் கடிதம் தந்தார். அழைப்புக் கடிதம், பொறுப்பேற்கும் பத்திரம், சம்பளத் துண்டு, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் சேர்த்து அனுப்பினேன். கொழும்பில் நிலானிக்குக் கிடைத்த முதல் தெர்மினுக்கு ஆறு கிழமை இருந்தது. மன்றாடி எழுதிக் கேட்டதில் ஐந்தாக்கினார்கள். மாசியில் தொடங்கியிருந்தால் அவள் சித்திரைக்கே வந்து, குசினிச் சுவருக்கு மஞ்சள் பூசும்போது றெஜினாவோடு சேர்ந்து நின்றிருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அப்படி வந்திருந்தால் அந்தச் சுவருக்கு மஞ்சள் பூச றெஜினாவுக்கு மனம் வந்திருக்குமா என்றும் நினைத்தேன்.

சபை இரண்டாகப் பிரிந்து கதைத்தது. அக்கா செய்தது அன்பு என்றார்கள் பாதிப் பேர். அது பாவம் என்றார்கள் மற்றவர்கள். அதன் பிறகு அக்கா ஒருவருக்கும் மொழிபெயர்க்கப் போகவில்லை. புதிதாக வந்த ஒரு இளம்பெண் கடையில் அவரை மறித்து, ஒரு கடிதத்தை நீட்டி உதவி கேட்டிருக்கிறாள். "எனக்கு டொச் பாசை தெரியாது பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கூடையையும் விட்டுவிட்டு வெளியே போய்விட்டாராம். ஆனால் றெஜினாவிடம் மட்டும் கடைசிவரை வந்தார். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த கையோடு கஞ்சி கொண்டு வருவார். றெஜினா அதை வாங்கிக் குடிப்பாள். இரண்டு பேரும் அதிகம் கதைத்ததில்லை.

நிலானியின் தெர்மினுக்கு இருந்த ஐந்து கிழமையில் மூன்று போயிருந்தது. றெஜினாவை நோவு தணிக்கிற வார்ட்டில் வைத்திருந்தார்கள். பின்னேரம் மூன்று மணி, யன்னலால் நல்ல வெயில். அபியை என் சிநேகிதன் வீட்டில் விட்டிருந்தேன். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அக்கா தலைமாட்டில் இருந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் நிலானி. றெஜினாவின் குரல் அடங்கிப்போயிருந்தது. உதடு அசையும், சத்தம் அக்காவின் காதுவரைதான் வரும். நான் நின்ற இடத்துக்கு அரைகுறையாகக் கேட்டது. மன்னாருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னவாம்? றெஜியக்கா என்ன சொல்லுறா?" என்று நிலானி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அக்கா குனிந்து காதைக் கொடுத்தார். றெஜினா சொன்னது எனக்கும் விளங்கியது. உதட்டைப் பார்த்தே விளங்கியது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை ஆட்டினேன். சுகமாயிரு என்று சொன்னதாகச் சொல்லுங்கோ, அவளுடைய பிள்ளைகளைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கோ, எதையாவது சொல்லுங்கோ என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் அதைக் கண்டார். கண்டுவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார்.

"பயமாக் கிடக்காம் பிள்ளை. உன்னை ஒருக்கா வரட்டாம்."

நிலானி அழுத சத்தம் அறை முழுவதும் கேட்டது. தாதி ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். றெஜினா கண்ணைத் திறந்து போன் இருந்த பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தாள். அவளுக்குக் காது கடைசிவரை நன்றாகத்தான் கேட்டது.